மஞ்சள் புள்ளி

அத்தியாயம் 7

நாளைக் காலை தாலி கட்டப் போகிறவனை இன்று உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்வது பாவமா இல்லையா என்று மணியனுக்குத் தெரியவில்லை. பந்தலில் கொடுத்த காபி நன்றாக இருந்ததால் அந்த யோசனையைத் தள்ளி வைத்தான்.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே தோட்டத்து வீடு. முகூர்த்தக்கால் நட்டாகிவிட்டது. வைகாசி வெயிலில் பந்தல் துணி தகித்துக்கொண்டிருந்தது. தென்னை மரத்தடியில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் துப்பறியும் கோகிலவாணி. பதினெட்டு வருஷம் லாரி விபத்துகளை ஆராய்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவள். இப்போது சேலத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். இன்னொன்றில் அவளுடைய உதவியாளன் மணியன். ராசிபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். எதிரே மாப்பிள்ளை தீனதயாளன்.

"அபிநயா அனுப்புச்சாளுங்களா?" என்று கேட்டான் தீனதயாளன். கோபம் இல்லை. தூக்கமில்லாத கண்கள்.

"ஆமா தம்பி" என்றாள் கோகிலவாணி. "ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு. எட்டு மாசத்துக்கு முன்னாடி அந்தத் துப்பாக்கி சுடுற போட்டியில அவ பிஸ்டல் மேல இருந்த ரெட் டாட், அந்தக் குறி பாக்குற கண்ணாடி, பெயர்ந்து போச்சே, அதுக்கு நீங்க காரணமா இல்லையா?"

"இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனுங்க."

"அதை மாட்டினது நீங்க."

"நாந்தாங்க மாட்டுனேன். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. அளவுச் சாவி வெச்சிருக்கேன், வேண்டிய இறுக்கம் வந்தா 'கிளிக்'குன்னு சத்தம் குடுக்கும். அதோட கைய எடுத்துருவேன். அசஞ்சா தெரியற மாதிரி மேல வெள்ளைக் கோடு போட்டேன்."

"போட்டி அன்னைக்குக் காலைல பிஸ்டலை வாங்கினீங்க."

"கண்ணாடி தூசியா இருந்துச்சு, தொடச்சுக் குடுத்தேன். ஸ்க்ரூவப் பாக்கலீங்க. அப்பப் பாத்திருந்தா..." பேச்சை நிறுத்திக்கொண்டான்.

"ஸ்க்ரூ உடைஞ்சு தெறிச்சப்ப நீங்க ஓடிப்போய் தரையில இருந்து எதையோ எடுத்துப் பையில போட்டீங்க. அபிநயா பாத்திருக்கா. காட்டுன்னு கேட்டதுக்கு நீங்க காட்டல. என்ன அது?"

தீனதயாளன் தென்னை மரத்தைப் பார்த்தான். "ஸ்க்ரூவோட தலைதாங்க. தொலைஞ்சு போச்சு."

அந்த நேரம் பார்த்து மணியனின் போன் அடித்தது. காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும் போன் அது. "ஏன்டா, கல்யாண ஊட்டுல லட்டு குடுத்தா அம்மாவுக்கு ஒண்ணு எடுத்துட்டு வா" என்று அவன் தாயார் பந்தல் முழுக்க அறிவித்தாள். சமையல்காரர்கள் சிரித்தார்கள். தீனதயாளன்கூட லேசாகச் சிரித்தான். எழுந்து கார் வரை வந்து வழியனுப்பினான். கதவை மூடும்போது கேட்டான்:

"அக்கா, அபியோட அப்பா நல்லா இருக்காருங்களா?"

"இருக்காரு."

"நேரத்துக்குச் சாப்பிடுறாருங்களா?"

"அது தெரியலையே தம்பி."

தலையாட்டிவிட்டுப் பந்தலுக்குள் போய்விட்டான்.

கார் சங்ககிரி ரோட்டில் ஏறியதும் மணியன் சொன்னான்: "மேடம், பழைய காதலியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. காதலியோட அப்பன் சாப்பிட்டாரான்னு கேக்குறான். இப்படி ஒரு காதலன நான் எங்க ரூட்டுல ஏத்துனதே இல்ல."

"எனக்கும் அதுதான் இடிக்குது. அந்தப் பெட்டியைத் திற."

மணியன் மடியில் இருந்த சின்னப் பெட்டிக்குள் அந்த ரெட் டாட்டும் அதன் அடித்தகடும் இருந்தன. போட்டி அன்று அபிநயா மூடிய பெட்டி; அதன்பின் அவள் திறக்கவேயில்லை. மூன்று நாளுக்கு முன் அலுவலகத்துக்கு வந்து அதை மேஜைமேல் வைத்துவிட்டு அவள் கேட்டது இதுதான்: "அவர் செஞ்சாரா இல்லையாங்க? தாலி கட்டுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். செஞ்சிருந்தா நிம்மதியாத் தூங்குவேன். செய்யலைன்னா மன்னிப்புக் கேக்கணும்."

மாநிலப் போட்டி அது. செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் ரெட் டாட் பொருத்திச் சுடும் பிரிவு. பிஸ்டலின் முதுகில் தீப்பெட்டியைவிடச் சின்னதாய் ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்குள் சிவப்பாய் ஒரு புள்ளி. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். அபிநயா முதலிடத்தில் இருந்தாள். கடைசிச் சுற்றில் நாலாவது குண்டுக்கு ஜன்னலே பெயர்ந்து ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. தேசிய முகாமுக்குப் போகும் இடம் தீனதயாளனின் மாமன் மகள் பிரவீனாவுக்குப் போனது. "உன் மாமன் மகளுக்காக என் கழுத்த அறுத்துட்டியா?" என்று அத்தனை பேர் நடுவில் கத்திவிட்டு வந்தவள்தான். அந்தப் பிரவீனாவின் கழுத்தில்தான் நாளைக்குத் தாலி ஏறப்போகிறது.

"பாத்துட்டேன் மேடம். ஒரு ஸ்க்ரூ தலையில்லாம முண்டமா இருக்கு. இன்னொண்ணு உடையல, ஆனா கோடு விலகியிருக்கு. கிளப்காரங்க அன்னைக்கு அறிக்கையில எழுதின மாதிரியேதான். கோடு விலகியிருந்தா யாரோ கழட்டியிருக்காங்க."

"எந்தப் பக்கம் விலகியிருக்கு?"

"வலப்பக்கம்."

கோகிலவாணி காரை ஓரம் கட்டினாள். "உன் தண்ணி பாட்டிலை எடு. மூடியிலயும் கழுத்துலயும் சேர்த்துப் பேனாவால ஒரு கோடு போடு. இப்ப மூடியைக் கழட்டு."

மணியன் திருகினான். மூடியில் இருந்த கோடு இடப்பக்கம் போனது. சிறிது நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூடியை வலப்பக்கம் இறுக்கினான். பழைய கோட்டையும் தாண்டி இறுக்கினான்.

"மேடம்! இது கழட்டுனது இல்ல. இறுக்குனது!"

"கால் சுற்று கூடுதலா. விலகினதை எல்லாரும் பாத்தாங்க. எந்தப் பக்கம்னு ஒருத்தரும் பாக்கல. கெடுக்கணும்னு நினைக்கிறவன் தளர்த்துவான் மணியா, அது சுலபம். இறுக்கினவன் கெடுக்க நினைக்கல, காப்பாத்த நினைச்சிருக்கான். அளவு தாண்டினா அந்த ஊசி ஸ்க்ரூ ஒரு போட்டி முழுக்கத் தாங்காதுன்னு அவனுக்குத் தெரியல."

"அப்ப தீனதயாளன் இல்ல. அவரு 'கிளிக்' கட்சி."

"இல்ல."

"அப்புறம் யாரு? முந்தின நாள் அபிநயா பிஸ்டலை வீட்டு பீரோவுல வெச்சுப் பூட்டினேன்னு சொன்னா. பேயா வந்து டைட் வெச்சுது?"

கோகிலவாணி அபிநயாவின் ஊரைப் பார்த்து வண்டியை எடுத்தாள். சங்ககிரிக்கு முன்னால் ரோட்டோரம் வரிசையாக லாரிகள் நிற்கத் தொடங்கின.

பச்சமுத்துவின் லாரிப் பட்டறையில் அன்று ஒரே ஒரு லாரிதான் நின்றது. அறுபதை நெருங்கும் மனிதர். கை இரண்டும் வேப்பங்கட்டை மாதிரி. மனைவி போனபின் மகள் அபிநயாவைத் தனியாக வளர்த்தவர். அவள் பட்டறைக்குப் பின்னால் சாமான் அறையில் இருந்தாள். துப்பாக்கியைக் கீழே வைத்த நாளிலிருந்து அவளுக்கு அந்த அறைதான் உலகம்.

பச்சமுத்து பின் சக்கரத்தின் முன் குத்தவைத்து, நீளமான குழாயை ஸ்பேனரில் சொருகி நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். டிரைவர் சின்னராஜ் நிழலில் நின்று பொருமினான்.

"ஏனுங்க, டயர் மாத்தி முடிஞ்ச மாதிரிதானே இருக்கு? இன்னும் என்ன?" என்று வாயைக் கிளறினான் மணியன்.

"நீங்க வேறங்க! டயர் மாட்டுனா நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போட்டு திரும்ப வரோணும். ரெண்டாம் டைட்டு வெக்காம பச்சமுத்தண்ணன் வண்டிய உடமாட்டாரு. பொண்டாட்டி பிரசவத்துக்குப் போகோணும்னாலும் டைட்டு வெச்சுட்டுப் போன்னுதான் சொல்லுவாரு."

"சிரிங்க, சிரிங்க" என்றார் பச்சமுத்து, தலையைத் திருப்பாமல். "மொத டைட்டு நம்ம கைக்கு. ஓடுனதுக்கு அப்புறம் வெக்கற டைட்டுதான் சக்கரத்துக்கு. முப்பத்தெட்டு வருசத்துல இந்தப் பட்டறையில மாட்டுன சக்கரம் ஒண்ணு கழண்டுதுன்னு யாராச்சும் சொல்லட்டும்."

கடைசி நட்டையும் இறுக்கி முடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த டப்பாவில் குச்சியை நனைத்தார். அந்த நட்டின் நெற்றியில் மட்டும் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைத்தார்.

மணியனுக்குக் கையில் இருந்த பாட்டில் திடீரென்று கனத்தது. கோகிலவாணியைப் பார்த்தான். அவள் அந்த மஞ்சள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி நட்டுக்கு மட்டும் எதுக்குங்கண்ணா மஞ்சள்?" என்று கேட்டாள்.

"ரெண்டாம் டைட்டு ஆச்சுன்னு அடையாளமுங்க. இதப் பாத்தா டிரைவரு பயமில்லாம ஸ்டேரிங்கப் புடிக்கலாம். என் கையே சும்மா இருக்காது, தானாப் போயி வெச்சுரும்."

"சின்ன ஸ்க்ரூவா இருந்தாலும் வெக்குமா?"

குச்சி டப்பாவுக்குள் நின்றது.

"ரெண்டே ரெண்டு ஊசி ஸ்க்ரூ. நெல்லு மணி அளவுதான் இருக்கும். அதுல கடைசி ஸ்க்ரூவுக்கு?"

பச்சமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். சின்னராஜ் என்னவோ ஏதோ என்று பீடியைக் கீழே போட்டான்.

"அது மேல நான் கை வெக்கக் கூடாதுன்னு தெரியுமுங்க" என்றார் கடைசியில். "லைசென்சு அவ பேருல. ஆனா பீரோச் சாவி எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு. போட்டிக்கு முன்னால ஒரு வாரம் விடாம சுட்டா. ஆயிரம் குண்டு இருக்குமுங்க. நான் நெனச்சேன், ஆயிரம் குண்டுன்னா ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனாப்ல. மாட்டுனவன் மொத டைட்டோட உட்டுட்டானே, ரெண்டாம் டைட்டு யாரு வெக்கறதுன்னு... அவ குளிக்கப் போன நேரத்துல எடுத்து, ஒரு இழுப்பு. ஒரே ஒரு இழுப்புத்தானுங்க."

"வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும்ணா."

"ஆமாங்க."

"அதுக்கப்புறம் எட்டு மாசம் வாயைத் திறக்கலையே?"

பச்சமுத்து கைகளைப் பார்த்தார். "அது வேணும்னுதாங்க" என்றார்.

மணியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தப் பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. தங்கமான பையன். ஆனா அவங்க ஊட்டு வாசல்ல எங்கய்யன் செருப்பக் கழட்டிக் கையில புடிச்சுட்டு நின்னவரு. நான் பாத்திருக்கேன். அந்த ஊட்டுக்குள்ள எம்பொண்ணு மருமவளாப் போனா உசுரோட உடுவாங்களா? பேப்பர்ல நித்தம் படிக்கறமே. அவன்தான் வேணும்னு அவ ஒத்தக் கால்ல நின்னா. எனக்கு ராத்திரியெல்லாம் நெஞ்சு அடிச்சுக்கும். அப்ப பாத்து பழி அவன் மேல போயி உழுந்துச்சு. இதோட உட்டுருவா, நாலு நா அழுவா, மறந்துருவா, உசுரோட இருப்பான்னு..." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அவ மறக்கலீங்க."

சாமான் அறை வாசலில் ஏதோ விழுந்தது. ஆயில் ஃபில்டர் ஒன்று தரையில் உருண்டு வந்து லாரி டயரில் முட்டி நின்றது. அபிநயா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"சாமி..." என்று எழுந்தார் பச்சமுத்து.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. கோகிலவாணியிடம் வந்தாள். "அவர் கீழ குனிஞ்சு எடுத்தாரே. அந்த உடைஞ்ச தலை. அதுல..."

"இருந்திருக்கணும் அபிநயா. உனக்குச் சோறு போட்ட பெயின்ட் டப்பா. நீ ஒரு பார்வை பாத்திருந்தா போதும், யாருன்னு தெரிஞ்சிருக்கும். அதனாலதான் உனக்குக் காட்டல."

சாப்பிடுறாருங்களா என்று கேட்டவனின் முகம் மணியனுக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த பாட்டிலை லாரியின் படியில் வைத்தான்.

"உங்க போனைக் குடுங்கண்ணா. என் நம்பர்னா எடுக்கமாட்டார்" என்று மணியனிடம் கை நீட்டினாள் அபிநயா.

"அம்மணி, அது ஸ்பீக்கர்ல மட்டுந்தான்..."

"பரவால்ல. இனி எதை மறைக்கப் போறோம்?"

நம்பரைப் பார்க்காமலே அழுத்தினாள். மறுமுனையில் முதலில் வந்தது ஒலிபெருக்கிக்காரனின் "ஹலோ, ஒன், டூ". அப்புறம் அவன் குரல்.

"யாருங்க?"

"நான்தான்."

பந்தல் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. தென்னை மரத்தடிக்கு நடந்து வருகிறான் போல.

"அந்த ஸ்க்ரூத் தலையில மஞ்சப் புள்ளி இருந்துச்சா?"

"இப்ப எதுக்கு அபி?"

"இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

அபிநயா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அத்தன பேரு நடுவுல உன்னை அவ்வளவு பேசுனேன். அப்பக்கூட ஏன் சொல்லல?"

"உனக்கு இருக்கறது அப்பா ஒருத்தர்தான். நான் சொல்லி நீ அவர வெறுத்துட்டா? அவரே சொல்லுவாருன்னு இருந்தேன். ஐப்பசி போச்சு, தை போச்சு. நான் ரெண்டு தடவ பட்டறைக்கு எதுத்தாப்ல வந்து நின்னேன். அவரு என்னப் பாத்துட்டு உள்ள போயிட்டாரு. சரின்னு நானும் வந்துட்டேன்."

பச்சமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அது எங்க இப்ப?"

"நேத்துச் சாயங்காலம் வரைக்கும் பர்ஸுல இருந்துச்சு. கெணத்துல போட்டுட்டேன்."

அவள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் ஒலிபெருக்கிக்காரன்தான் பேசினான்.

"அபி? சொல்லு. நீ ஒரு வார்த்தை சொன்னா..."

கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணியன் சொல்லிவிடு தாயே என்று மனசுக்குள் கெஞ்சினான். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு அரைமணி நேரம். காரில் பெட்ரோல் இருக்கிறது.

அபிநயா கண்ணைத் துடைத்தாள்.

"பிரவீனா கையில மருதாணி வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"அவ ஒரு தப்பும் பண்ணல. அவளையும் நான் பேசுனேன். நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. இன்னைக்கு வேணாம், பொறவு ஒரு நாள் சொல்லு. உங்கிட்டயும்... எங்கிட்ட இருந்து வர்றது அவ்வளவுதான் தீனா. மன்னிச்சுக்க. நல்லா இரு."

"அபி."

"ம்."

"மாமாவத் திட்டாத."

லைன் அறுந்தது. யார் வைத்தார்கள் என்று மணியனுக்குத் தெரியவில்லை.

"நான் போறேன் சாமி" என்று பதறினார் பச்சமுத்து. "இப்பவே போயி அவங்க ஊட்டு வாசல்ல உழுந்து சொல்றேன். எம்பேருல தப்புன்னு..."

"சொல்லி? மருதாணி வெச்ச கையோட அவ எங்க போவா?"

அபிநயா போனை மணியனிடம் கொடுத்துவிட்டு, உருண்டு கிடந்த ஃபில்டரை எடுத்து அதன்மேல் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

பச்சமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்தார். சக்கரத்தின் முன் போய்க் குத்தவைத்தார். ஏற்கெனவே இறுக்கி முடித்த நட்டில், மஞ்சள் பொட்டு வைத்த அதே நட்டில் குழாயை மாட்டி இழுத்தார். இரும்பு முனகியது. மறுபடி இழுத்தார். கன்னத்தில் கண்ணீர் வழிய, இழுத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, அது ஆயிருச்சுங்கண்ணா" என்றான் சின்னராஜ், பயந்த குரலில். அவர் காதில் விழவில்லை.

மணியன் அவரிடம் போவதற்கு ஓர் அடி எடுத்து வைத்தான். கோகிலவாணி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

அபிநயா ஃபில்டரைக் கீழே வைத்தாள். அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குழாயைப் பிடித்திருந்த அவருடைய மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"போதும்ப்பா" என்றாள். "மரை போயிரும்."